நூறு கலைஞர்கள், ஒரே உலகம்: வீடியோ கேம் கலைக்குழுவை எப்படி வழிநடத்துகிறார்கள்?

பெரிய வீடியோ கேம் ஒன்றை விளையாடி முடித்ததும் திரையில் பெயர்ப் பட்டியல் ஓடும். நம்மில் பலர் அதை 'ஸ்கிப்' பண்ணிவிடுவோம். அடுத்த முறை கொஞ்சம் பொறுமையா பாருங்கள். கலைப் பிரிவில் மட்டும் பல நேரம் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். அவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை, ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்களும் இல்லை.

ஆனால் விளையாடும்போது எல்லாம் ஒரே கை வரைந்த மாதிரிதானே தெரிந்தது?

அது தானாக நடப்பதில்லை. அதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். படம் வரையப் பிடிக்கும், கேம் துறையில் சேர ஆசை என்பவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏன்னா, உங்கள் முதல் வேலை எப்படி அமையும் என்பது பெரும்பாலும் உங்களுக்கு மேலே இருக்கும் அந்த ஒருவரைப் பொறுத்தது.

ஒரு கேமுக்கு எதற்கு இத்தனை கலைஞர்கள்?

ஒரே ஒருவர் செய்த கேமும் உண்டு. 2016இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி'யில் படங்கள், இசை, நிரல் எல்லாமே எரிக் பரோன் என்ற ஒரே ஆளின் வேலை. அதற்கு அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆனால் திறந்த உலகில் நடக்கும் பெரிய முப்பரிமாண கேம் அப்படி இல்லை. ஒரு கடற்கொள்ளையர் கேமில் வரும் ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம்.

- கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் கப்பல் எப்படி இருக்கும் என்று முதலில் வரைந்து காட்டுவார்.
- மாடலர் அதை முப்பரிமாண வடிவமாகக் கட்டுவார்.
- டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட் மரத்தின் வெடிப்பு, இரும்பின் துரு, பாயின் கிழிசல் எல்லாம் சேர்ப்பார்.
- ரிக்கிங் செய்பவர் பாய்மரமும் சக்கரமும் அசைவதற்கு உள்ளே 'எலும்பு' வைப்பார். அனிமேட்டர் அதை அசைத்துக் காட்டுவார்.
- விஎஃப்எக்ஸ் ஆர்ட்டிஸ்ட் பீரங்கிப் புகை, தீ, நீர்த்தெறிப்பு ஆகியவற்றைச் செய்வார்.
- லைட்டிங் ஆர்ட்டிஸ்ட் காலை வெயிலிலும் புயலிலும் கப்பல் எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்வார்.
- டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் இத்தனையும் சேர்ந்தும் கேம் திணறாமல் ஓடுகிறதா என்று சோதிப்பார்.

ஒரு கப்பலுக்கே ஏழெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். ஊர், காடு, உடை, ஆயுதம், விலங்கு, திரையில் தெரியும் பொத்தான்கள் என்று கூட்டிப்பாருங்கள்!

இதில் யார் 'தலைவர்'?

வெளியில் இருந்து பார்த்தால் ஒரே ஆள் எல்லாத்தையும் முடிவு செய்வதுபோல் தெரியும். உண்மையில் பொறுப்பு பல பேரிடம் பிரிந்திருக்கும்.

ஆர்ட் டைரக்டர்: கேம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்பவர். நிறம், வடிவம், மனநிலை எல்லாம் அவர் பொறுப்பு.

ஆர்ட் லீட்: அந்த முடிவை அன்றாட வேலையாக மாற்றுபவர். பாத்திரங்களுக்கு ஒரு லீட், சூழலுக்கு ஒரு லீட், அனிமேஷனுக்கு ஒரு லீட் என்று பெரிய கேமில் பலர் இருப்பார்கள். ஒவ்வொருவரின் கீழும் ஒரு சிறு குழு இருக்கும்.

ப்ரொட்யூசர்: எது எப்போது முடிய வேண்டும், யாருக்கு எவ்வளவு வேலை என்று பார்ப்பவர்.

அவுட்சோர்சிங் மேனேஜர்: வெளி நிறுவனங்களுக்கு வேலை அனுப்பி, திரும்பி வருவதைச் சரிபார்ப்பவர்.

நூறு பேருக்கும் ஆர்ட் டைரக்டரே நேராகக் கருத்துச் சொல்ல முடியாது. ஒருவருக்கு அரை மணி நேரம் என்றாலும் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேலை வாரமே அதற்குப் பத்தாது! அதனால்தான் லீட்கள் தேவைப்படுகிறார்கள். ஆர்ட் டைரக்டர் மனத்தில் இருப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு, தன் குழுவுக்குப் புரியும்படி சொல்வதுதான் லீட்டின் முதல் கடமை.

எல்லாரும் ஒரே பாணியில் வரைவது எப்படி?

'அழகா இருக்கணும்' என்று சொன்னால் நூறு பேர் நூறு விதமாகச் செய்வார்கள். ஆகவே அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் விதிகளைப் பேச வேண்டும். நிறுவனங்கள் இதற்காக 'ஸ்டைல் கைடு' என்ற பாணிக் கையேட்டைத் தயாரிக்கின்றன.

இதற்கு நல்ல உதாரணம் வால்வ் நிறுவனத்தின் 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2'. அந்த கேம் முதலில் நிஜப் போர்க்களம்போல் தெரியும் ராணுவ கேமாகத்தான் 1999இல் அறிமுகமானது. 2007இல் வெளிவந்தபோது கார்ட்டூன் சாயலுள்ள முற்றிலும் வேறொரு பாணியில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் வரைந்த ஜே.சி. லைண்டெக்கர் போன்ற அமெரிக்க ஓவியர்களின் படங்களை அந்தக் குழு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது.

'லைண்டெக்கர் மாதிரி வரையுங்கள்' என்று சொல்லிவிட்டு அவர்கள் நிற்கவில்லை. எதிரே ஒருவர் ஓடி வந்தால் விளையாடுபவருக்கு எது முதலில் தெரிய வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள்.

1. இவர் நம் அணியா, எதிர் அணியா? அதை நிறம் சொல்லும். ஓர் அணிக்குச் சிவப்பு சார்ந்த நிறங்கள், மற்றதற்கு நீலம் சார்ந்தவை.
2. 9 பாத்திர வகைகளில் இவர் எது? அதை உருவத்தின் வெளிக்கோடு சொல்லும். முழுக்கக் கறுப்பு நிழலாக மாற்றினாலும் யார் என்று தெரிய வேண்டும்.
3. கையில் என்ன ஆயுதம்? பார்வை அங்கே போகும்படி, ஆயுதம் இருக்கும் மார்புப் பகுதியில் நிற வேறுபாடு அதிகம். கால் பக்கம் மங்கல்.

கட்டடங்களுக்கும் விதி இருந்தது. சிவப்பு அணியின் இடத்தில் மரம் போன்ற இயற்கைப் பொருள்கள், கோணலான வடிவங்கள். நீல அணியின் இடத்தில் தொழிற்சாலைத் தோற்றம், நேர்க்கோடுகள்.

இந்த விதிகளில் 'அழகு' என்ற சொல் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு விதியையும் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கூட தன் படத்தைக் கறுப்பாக்கி, 'இது யாருன்னு தெரியுதா?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடலாம். லீட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நல்ல பாணிக் கையேடு லீட் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும்.

'கருத்துச் சொல்வது' ஏன் இவ்வளவு முக்கியம்?

லீட்டின் நாளில் பெரும்பகுதி இதிலேயே போகும். பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் குழு தூங்கும் நேரமும் நிறுவனத்தின் பணமும் இதில்தான் அடங்கியிருக்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கேமில் 400 பொருள்கள் தேவை. ஒன்றுக்கு 5 நாள். மொத்தம் 2,000 வேலை நாள். 10 கலைஞர்கள் இருந்தால் ஆளுக்கு 200 நாள், அதாவது ஏறக்குறைய 10 மாதம். சரி, இப்போது ஒவ்வொரு பொருளையும் ஒரே ஒரு நாள் கூடுதலாகத் திருத்த வேண்டி வந்தால்? இன்னும் 400 நாள். ஆளுக்கு 40 வேலை நாள், அதாவது 2 மாதம்! லீட் தெளிவாகச் சொல்லியிருந்தால் அந்த 2 மாதத்தில் பாதியையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம்.

தெளிவில்லாத கருத்து எப்படி இருக்கும்?

"கப்பல் நல்லாதான் இருக்கு, ஆனா என்னமோ குறையுது. இன்னும் கொஞ்சம் பவர்ஃபுல்லா வேணும்."

இதைக் கேட்ட கலைஞர் என்ன செய்வார்? பீரங்கியைக் கூட்டுவாரா, பாயைப் பெரிசாக்குவாரா, நிறத்தை மாற்றுவாரா? மூன்றையும் செய்து பார்த்துவிட்டு மறுநாள் திரும்பி வருவார். "இது இல்லை" என்ற பதில் கிடைக்கும்.

இதையே இப்படிச் சொல்லலாம்:

"தூரத்தில் இருந்து பார்த்தால் இது வணிகக் கப்பல் மாதிரி தெரிகிறது. பார்த்ததுமே எதிரி என்று விளையாடுபவருக்குத் தெரிய வேண்டும். முன்பக்க வடிவத்தில் அதைக் காட்ட முடியுமா? மர வேலைப்பாடு அருமை, அதை மாற்ற வேண்டாம்."

இதில் பிரச்சினை என்ன, யாருக்குப் பிரச்சினை, எங்கே மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற நான்கும் இருக்கின்றன. எப்படி மாற்றுவது என்பது மட்டும் கலைஞரிடம் விடப்பட்டிருக்கிறது. அது முக்கியம். லீட் தானே பேனாவை வாங்கி மேலே வரைந்து காட்டிக்கொண்டே இருந்தால், குழு யோசிப்பதை நிறுத்திவிடும்.

நேரமும் முக்கியம். வெறும் பெட்டிகளை அடுக்கியதுபோல் இருக்கும் ஆரம்ப வடிவத்தில் அளவை மாற்றச் சில நிமிடங்கள் போதும். துருவும் கீறலும் சேர்த்து முடித்த பிறகு மாற்றினால் பல நாள் உழைப்பு வீண். அதனால் பெரிய கேள்விகளை முதல் கட்டத்திலேயே கேட்டு முடித்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லீட் ஒன்று சொல்வார், ஆர்ட் டைரக்டர் வேறொன்று சொல்வார், டிசைனர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். நடுவில் மாட்டிக்கொள்வது அந்த ஜூனியர்தான். 'கடைசி வார்த்தை யாருடையது' என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைத்த குழுக்களில் இந்தக் குழப்பம் குறைவு.

சிங்கப்பூர், மலேசியாவில் இந்த வேலை எப்படி?

யூபிசாஃப்ட் சிங்கப்பூர் கிளை 2008இல் தொடங்கியது. 2012இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் 3'யின் கடற்போர்ப் பகுதிகள் அங்குதான் உருவாயின. அந்த அனுபவத்தில் இருந்து பிறந்தது 'ஸ்கல் அண்ட் போன்ஸ்'. 17ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடலைச் சார்ந்த கற்பனை உலகம் அது.

2017இல் அறிவிக்கப்பட்ட அந்த கேம் பலமுறை தள்ளிப்போய் 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. இடையில் படைப்பாக்கத் தலைமை மாறியது. முதலில் காட்டப்பட்டது அணிகள் மோதும் கடற்போர். கடைசியில் வந்தது வளங்களைத் திரட்டிக் கப்பலை மேம்படுத்தும் திறந்த உலகம். கேமின் திசை மாறினால் என்னென்ன படங்கள் தேவை என்பதும் மாறும். கலைக்குழுவுக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை.

மலேசியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்குள்ள பல ஸ்டூடியோக்கள் வெளிநாட்டு கேம்களுக்குக் கலைப்பணி செய்து வளர்ந்தவை. லெமன் ஸ்கை ஸ்டூடியோஸ் 'ஸ்டார்கிராஃப்ட்', 'கமாண்ட் அண்ட் காங்கர்' ஆகிய பழைய கேம்களின் புதுப்பிக்கப்பட்ட பதிப்புகளில் பங்காற்றியது. ஸ்ட்ரீம்லைன் ஸ்டூடியோஸ் கோலாலம்பூரில் இருந்து இயங்குகிறது. சோனி நிறுவனமும் 2020இல் மலேசியாவில் ஒரு ஸ்டூடியோவை அமைத்தது. கலையும் அனிமேஷனும்தான் அதன் முக்கிய வேலை. பேஷன் ரிபப்ளிக் 2022இல் 'கிகாபேஷ்' என்ற சொந்த கேமையே வெளியிட்டது.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும்போது கருத்தின் தெளிவு இன்னும் முக்கியமாகிறது. கலிபோர்னியாவைவிடக் கோலாலம்பூர் 15 அல்லது 16 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே காலையில் ஒரு சந்தேகம் வந்தால் அங்கே மாலை, கிளம்பும் நேரம். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் பதிலுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அல்லது, யாராவது இரவில் விழித்திருக்க வேண்டும்.

அதனால் இங்குள்ள நல்ல லீட் ஒருவர் வேலையை வாங்கியதும் முதலில் செய்வது, கேள்விகளைத் திரட்டி ஒரே நேரத்தில் அனுப்புவதுதான். தன் குழு கேட்கத் தயங்கும் கேள்வியையும் அவர் கேட்பார். 'இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ' என்ற தயக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. அதற்காகச் சும்மா இருந்தால் கடைசியில் அவதிப்படுவது குழுதான்.

வேலையைக் குறைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாகச் செய்யாமல் இருப்பதே முதல் வழி.

2011இல் வந்த 'ஸ்கைரிம்' கேமில் நூற்றுக்கணக்கான குகைகளும் கோட்டைகளும் உள்ளன. அவற்றைக் கட்டியது 8 தள வடிவமைப்பாளர்களும் 2 முழுநேரக் கலைஞர்களும்தான். அந்த இருவரும் லெகோ கட்டைகள்போல் ஒன்றோடு ஒன்று பொருந்தும் சுவர், தரை, தூண், படிக்கட்டு துண்டுகளைச் செய்துகொடுத்தார்கள். வடிவமைப்பாளர்கள் அவற்றை விதவிதமாக அடுக்கிப் புதுப்புது இடங்களை உருவாக்கினார்கள்.

'எதைக் கையால் செதுக்க வேண்டும், எதைத் துண்டுகளால் அடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?' இந்த மூன்றையும் ஆரம்பத்திலேயே பிரிப்பது லீட்டின் வேலை. விட்டுவிடலாம் என்று சொல்வதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும்.

அந்த முடிவைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? கடைசி மாதங்களில் கூடுதல் நேர வேலை. துறையில் இதற்கு 'கிரஞ்ச்' என்று பெயர். 'சைபர்பங்க் 2077' கேமைத் தயாரித்த சிடி ப்ராஜெக்ட் ரெட், ஊழியர்களைக் கட்டாயக் கூடுதல் வேலைக்கு அழைக்க மாட்டோம் என்று முன்பு சொல்லியிருந்தது. 2020இல் வெளியீடு நெருங்கியபோது வாரத்துக்கு 6 நாள் வேலை என்று அறிவித்தது. அவ்வளவு உழைத்தும் அந்த கேம் ஏராளமான குறைகளோடுதான் வெளிவந்தது.

லீட் ஆகிவிட்டால் வரைய முடியாதா?

இது பல கலைஞர்களை உறுத்தும் கேள்வி. பதில்: குறையும். சிறிய குழு என்றால் பாதி நேரம் வரையலாம். குழு பெரிதாகப் பெரிதாகக் கூட்டம், விமர்சனம், அட்டவணை, ஆள் தேர்வு என்று நாள் போய்விடும்.

பொதுவாக நடக்கும் தவறு என்னவென்றால், குழுவில் மிக நன்றாக வரைபவரையே லீட் ஆக்குவது. அவருக்கு ஆள்களைக் கவனிக்க விருப்பம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு இரட்டை நட்டம். ஒரு நல்ல கலைஞரை இழந்தாயிற்று, நல்ல லீட்டும் கிடைக்கவில்லை. அதனால் பல ஸ்டூடியோக்களில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஆள்களை வழிநடத்தும் பாதை. மற்றது 'ப்ரின்சிபல் ஆர்ட்டிஸ்ட்' போன்ற, கடைசிவரை வரைந்துகொண்டே உயரும் பாதை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாவது பாதை அங்கே உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி?

படம் உருவாக்கும் கருவிகள் கலைஞர்களிடையே அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பியிருக்கின்றன. அதே நேரத்தில் ஆள்குறைப்பும் நடக்கிறது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதன் கேம் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி ஏறத்தாழ 900 பேரையும் குறைக்கப்போவதாக அறிவித்தன. அந்தக் குறைப்புகளுக்கு நிறுவனங்கள் முக்கியமாகச் சொன்ன காரணம் துறையின் மாற்றமும் செலவும்தான். ஆனாலும் ஒரு கலைஞருக்கு எல்லாம் ஒரே பயமாகத்தான் வந்து சேரும்.

கேம்களை விற்கும் 'ஸ்டீம்' தளம் 2024 முதல், செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டதா என்று தெரிவிக்கும்படி தயாரிப்பாளர்களைக் கேட்கிறது. ஆகவே குழுவில் எந்தக் கருவிக்கு அனுமதி, எதற்கு இல்லை என்ற தெளிவான பதிலும் இப்போது லீட்டின் பொறுப்பில் சேர்ந்துவிட்டது. 'பார்த்துக்கலாம்' என்று விட்டால் குழுவில் சந்தேகம் வளரும்.

லீட் ஆக ஆசையா? இப்போதே என்ன செய்யலாம்?

பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரில் டிஜிபென், பலதுறைத் தொழிற்கல்லூரிகள், மலேசியாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், தி ஒன் அகாடமி போன்ற இடங்களில் கேம், மின்னிலக்கக் கலை சார்ந்த படிப்புகள் உள்ளன. அங்கே குழுப்பணி வரும். அதைத் தவிர, ஆண்டின் தொடக்கத்தில் உலகம் முழுக்க நடக்கும் 'குளோபல் கேம் ஜாம்' போன்ற நிகழ்வுகளில் சில நாளில் ஒரு சிறு கேமைச் செய்து பார்க்கலாம்.

நான்கு பேர் கொண்ட குழு போதும். இவற்றை முயன்று பாருங்கள்:

- வரையத் தொடங்குவதற்கு முன்னால் ஒரே பக்கத்தில் 5 விதிகள் எழுதுங்கள். எல்லாமே சோதித்துப் பார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.
- செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள்.
- நண்பரின் படத்தைப் பற்றிப் பேசும்போது 'பிடிக்கலை' என்ற சொல்லைத் தவிருங்கள். விளையாடுபவருக்கு என்ன புரியவில்லை என்று சொல்லுங்கள்.
- யாராவது இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தால் 'முடிஞ்சிருச்சா?' என்று கேட்காதீர்கள். 'எங்க மாட்டிக்கிட்டீங்க?' என்று கேளுங்கள்.

கடைசியில் சொன்னதுதான் எளிதில் மறந்துபோவது. மென்பொருளைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம், வரையும் திறமையையும் வளர்த்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டவர் பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய ஆளாக இருப்பதை மட்டும் முதல் நாளில் இருந்தே பழக வேண்டும். அப்படிப்பட்ட லீட்டிடம் பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே வந்து சேரும். சரிசெய்ய நேரமும் இருக்கும்.